4294967297 என்னும் எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? இது எங்கிருந்து வருகிறது?

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்று வாசிக்க வேண்டும். முப்பத்திரண்டு 2களை ஒன்றோடொன்று பெருக்கினால் 4294967296 கிடைக்கும். அதனுடன் 1ஐக் கூட்டினால் வருவதுதான் இந்த எண். சுருக்கமாக எழுதினால் 2³² + 1. பத்தடிமானத்தில் எழுதும்போது இதன் பத்து இலக்கங்களிலும் எந்த ஒழுங்கும் தென்படுவதில்லை. ஈரடிமானத்தில் எழுதினாலோ தொடக்கத்தில் ஒரு 1, முடிவில் ஒரு 1, இடையில் முப்பத்தொரு சுழியங்கள் என்று மிக எளிய தோற்றம் கிடைக்கிறது. கீழே சொல்லப்படும் பண்புகளில் பெரும்பாலானவை இந்த எளிய வடிவத்திலிருந்தே பிறக்கின்றன.

இது பகா எண்ணா?

இல்லை. 4294967297 = 641 × 6700417. இவ்விரு காரணிகளும் பகா எண்கள். ஆகவே இது சரியாக இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கற்பலன். இந்த ஒற்றை வரிச் சமன்பாடு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மறுக்கப்படாமல் இருந்த ஓர் ஊகத்தை வீழ்த்தியது என்பதே இந்த எண்ணின் புகழுக்குக் காரணம்.

ஃபெர்மா எண்கள் என்பவை யாவை?

2இன் ஓர் அடுக்குடன் 1ஐக் கூட்டி ஒரு பகா எண்ணைப் பெற வேண்டுமானால், அந்த அடுக்கில் 1ஐத் தவிர வேறு ஒற்றைப்படைக் காரணி எதுவும் இருக்கக் கூடாது. எடுத்துக்காட்டாக, 2⁶ + 1 என்பதில் அடுக்கு 6, அதாவது 2 × 3; அதில் 3 என்னும் ஒற்றைப்படைக் காரணி இருப்பதாலேயே 2² + 1 = 5 என்னும் எண் 65ஐ மீதியின்றி வகுத்துவிடுகிறது. எனவே 1, 2, 4, 8, 16, 32 என்று தாமும் 2இன் அடுக்குகளாக உள்ள எண்களே அடுக்குகளாக எஞ்சுகின்றன. அவற்றிலிருந்து கிடைக்கும் 3, 5, 17, 257, 65537, 4294967297 என்னும் வரிசையே ஃபெர்மா எண்களின் தொடக்கம். மரபுப்படி 3ஐச் சுழியாவது ஃபெர்மா எண் என்று கொள்வதால், நம் எண் ஐந்தாவது ஃபெர்மா எண் ஆகிறது. ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முந்தையதிலிருந்து பெறலாம்: முந்தைய எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, மீண்டும் 1ஐக் கூட்ட வேண்டும். 65536² + 1 = 4294967297 என்பது இவ்வாறு வருவதே.

ஃபெர்மா இதைப் பகா எண் என்று ஏன் நம்பினார்?

பிரெஞ்சுக் கணிதவியலாளரான பியேர் டி ஃபெர்மா 1640இல் ஃப்ரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வரிசையின் எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் நம்புவதாகத் தெரிவித்தார். முழுமையான நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. முதல் ஐந்து எண்கள் உண்மையில் பகா எண்களே என்பதால் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஐந்து எடுத்துக்காட்டுகள் நிரூபணம் ஆகாது.

இதில் வியப்புக்குரிய செய்தி வேறொன்று. அதே 1640இல் ஃபெர்மா 2³⁷ − 1 என்னும் எண்ணை ஆராய்ந்து, அதன் காரணிகள் எந்த வடிவத்தில் மட்டுமே இருக்க முடியும் என்று வரையறுத்து, 223 அதை வகுக்கும் எனக் கண்டுபிடித்திருந்தார். அதே வழியை 2³² + 1 மீது செலுத்தியிருந்தால் சில வகுத்தல்களிலேயே 641ஐ எட்டியிருக்கலாம். எந்த உத்தியும் இல்லாமல் 2, 3, 5, 7 என்று பகா எண்களை வரிசையாக எடுத்து வகுத்திருந்தாலும், 641 என்பது 116ஆவது பகா எண் ஆகையால், பொறுமையுள்ள ஒருவர் சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலைதான். கருவி கைவசம் இருந்தும் அவர் ஏன் தவறவிட்டார் என்பதற்கு நிறைவான விளக்கம் இல்லை. எங்கேனும் ஒரு கணக்கீட்டுப் பிழை நேர்ந்திருக்கலாம் என்று ஊகிப்பதே நியாயமாகப் படுகிறது.

ஆய்லர் 641ஐ எவ்வாறு கண்டறிந்தார்?

ஃபெர்மாவின் இந்தக் கூற்றைக் கோல்ட்பாக் 1729இல் கடிதம் வழியாக லியோனார்டு ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1732இல் ஆய்லர், 641 இந்த எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று காட்டினார். அதன் பின்னணியில் உள்ள வாதத்தை அவர் பிற்பாடு விளக்கினார். அது இன்றும் எண் கோட்பாட்டைத் தொடங்குபவர்களுக்கு மிகச் சிறந்த பாடம்.

ஏதோ ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியானால் அந்தப் பகா எண்ணால் 2³²ஐ வகுக்கும்போது கிடைக்கும் மீதி, அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவாக இருக்கும். அதை −1 என்று எழுதுவது வசதி. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ தரும் மீதி 1 ஆகிறது. 2இன் எந்த மிகச் சிறிய அடுக்கு மீதி 1ஐத் தருகிறதோ, அந்த அடுக்கு 64ஐ வகுக்க வேண்டும். ஆனால் 32ஐ வகுக்கக் கூடாது, ஏனெனில் 32ஆம் அடுக்கு தருவது −1. இவ்விரு நிபந்தனைகளுக்கும் பொருந்துவது 64 மட்டுமே. மறுபுறம், ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தின்படி, பகா எண்ணிலிருந்து 1ஐக் கழித்து வரும் எண்ணை அடுக்காகக் கொண்டாலும் மீதி 1தான். எனவே அந்தக் கழித்து வந்த எண் 64ஆல் வகுபட வேண்டும். சுருங்கச் சொன்னால், நம் எண்ணின் ஒவ்வொரு பகாக் காரணியும் 64இன் ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருந்தே தீர வேண்டும்.

இந்த வடிவில் உள்ள பகா எண்களை வரிசைப்படுத்தினால் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவது சோதனையிலேயே விடை கிடைத்துவிடுகிறது. ஃபெர்மாவின் ஊகத்தைத் தகர்க்கப் பயன்பட்டது ஃபெர்மாவே கண்டறிந்த தேற்றம் என்பதையும் கவனிக்கலாம்.

1878இல் எடுவார் லூகாஸ் இந்த வாதத்தை மேலும் கூர்மையாக்கினார். அத்தகைய பகா எண் 8ஆல் வகுக்கும்போது மீதி 1 தருவதாக இருப்பதால், அதைப் பொறுத்து 2 என்பது ஒரு வர்க்கத்துக்குச் சமமாகிறது. அதனால் 64 என்ற இடத்தில் 128ஐ வைக்கலாம். 128இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்களில் முதலாவது 257, அடுத்தது 641. இவற்றுள் 257 தானே ஒரு ஃபெர்மா எண் என்பதால், கீழே விளக்கப்படும் காரணத்தால், நம் எண்ணை வகுக்க முடியாது. ஆகவே சோதிக்க வேண்டிய முதல் எண்ணே 641 ஆகிறது.

நீண்ட வகுத்தல் செய்யாமலே 641 வகுக்கும் என்று காட்ட முடியுமா?

முடியும். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம் என்பதே இதற்குச் சாவி: 641 = 5 × 2⁷ + 1; 641 = 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ தரும் மீதி −1. இதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ என்பதும் −2⁴ என்பதும் ஒரே மீதியைத் தருபவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் −2³² தரும் மீதி 1. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. பத்து இலக்க எண் எதையும் எழுதாமலே நிரூபணம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 641 என்னும் விடை முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இந்த அழகிய வழி தோன்றும்; தேடிக் கண்டுபிடிக்க இது உதவாது.

6700417 பகா எண்தான் என்பது எப்படி உறுதியாகிறது?

லூகாஸின் நிபந்தனை இந்தக் காரணிக்கும் பொருந்தும். 6700417இன் வர்க்கமூலம் 2588க்கும் 2589க்கும் இடையில் உள்ளது. எனவே அதற்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால், ஒன்றாவது 2588ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் 128இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. 257ஐ முன்னரே விலக்கிவிட்டோம். மற்ற நான்கால் வகுத்தால் முறையே 44, 120, 334, 622 என்னும் மீதிகள் கிடைக்கின்றன. எதுவும் சுழியம் அன்று. ஆகவே 6700417 பகா எண். நான்கு வகுத்தல்களில் எழுபது இலட்சத்துக்குச் சற்றே குறைவான ஓர் எண்ணின் பகாத் தன்மையை உறுதிசெய்ய முடிவது, காரணிகளின் வடிவம் எவ்வளவு இறுக்கமானது என்பதைக் காட்டுகிறது.

இதன் வகுத்திகள் எத்தனை? அவற்றின் கூடுதல் என்ன?

1, 641, 6700417, 4294967297 ஆகிய நான்கு மட்டுமே. நான்கின் கூடுதல் 4301668356. எண்ணையே விட்டுவிட்டு மற்ற மூன்றைக் கூட்டினால் 6701059தான் வருகிறது. அது எண்ணைவிட மிகக் குறைவு என்பதால் இது குறைவு எண்கள் எனப்படும் வகையைச் சேர்ந்தது. இதைவிடச் சிறியனவாகவும் இதனுடன் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதனவாகவும் உள்ள மிகை முழு எண்களின் எண்ணிக்கை 640 × 6700416 = 4288266240.

ஏன் 7இல் முடிகிறது?

2⁴ = 16. ஆறில் முடியும் எண்ணை எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் அது ஆறிலேயே முடியும். 1ஐக் கூட்டினால் ஏழு. எனவே 17 முதற்கொண்டு எல்லா ஃபெர்மா எண்களும் 7இல் முடிபவையே.

இதை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா?

இரண்டு வழிகளில் எழுத முடியும். முதலாவது வெளிப்படையானது: 65536² + 1². இரண்டாவது எளிதில் கண்ணில் படாது: 62264² + 20449². இவற்றின் வர்க்கங்களான 3876805696, 418161601 ஆகியவற்றைக் கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். 20449 என்பதும் 143இன் வர்க்கம் என்பது கூடுதலான ஓர் இனிய தற்செயல்.

இந்த இரண்டு வழிகளும் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்துகொள்ளத் தக்கது. 4ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும் ஒவ்வொரு பகா எண்ணையும் ஒரே ஒரு வழியில் இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம். நம் காரணிகள் இரண்டும் அத்தகையவை: 641 = 25² + 4²; 6700417 = 2556² + 409². இரு வர்க்கங்களின் கூடுதலாக உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால், பெருக்கற்பலனும் அவ்வாறே அமையும் என்பதையும், அதை இரு விதமாக அமைக்கலாம் என்பதையும் பிரம்மகுப்தரின் பெயரால் வழங்கும் முற்றொருமை சொல்கிறது. அதைப் பயன்படுத்துவோம். 25 × 2556 = 63900; 4 × 409 = 1636; 25 × 409 = 10225; 4 × 2556 = 10224. முதல் இரண்டைக் கூட்டி, பின்னிரண்டைக் கழித்தால் 65536, 1 கிடைக்கின்றன. முதல் இரண்டைக் கழித்து, பின்னிரண்டைக் கூட்டினால் 62264, 20449 கிடைக்கின்றன.

இதன் மறுதலையும் பயனுள்ளது. இத்தகைய ஓர் எண்ணுக்கு 65536² + 1² தவிர இன்னொரு வழி இருக்கிறது என்று ஒருவர் கண்டறிந்தாலே, காரணி எதையும் அறியாமல், அது பகா எண் அன்று என்று முடிவு கட்டிவிடலாம்.

காரணிகளைத் தேடாமல், பகா எண்ணா என்று சோதிக்கும் முறைகள் இதன்மீது என்ன விடை தருகின்றன?

இங்கேதான் இந்த எண் சற்று ஏமாற்றுகிறது. ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை வைத்துச் சோதிக்கும்போது வழக்கமாக 2ஐ அடியாக எடுப்பார்கள்: 2இன் அடுக்காக, எண்ணைவிட ஒன்று குறைவான 4294967296ஐ வைத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். நம் எண்ணைப் பொறுத்து 2⁶⁴ தரும் மீதி 1. 4294967296 என்பது 64இன் மடங்கு. ஆகவே மீதி 1 வந்தே தீரும். பகு எண்ணாக இருந்தும் பகா எண்ணைப் போல நடிப்பதால் இதை 2ஐ அடியாகக் கொண்ட போலிப் பகா எண் என்கிறார்கள். இதைவிடக் கடுமையான வலுச் சோதனையிலும் 2ஐ அடியாகக் கொண்டால் இது தப்பிவிடுகிறது. ஃபெர்மா எண்களுக்கு 2 என்பது சோதனையே ஆகாது. பகா எண்ணோ பகு எண்ணோ, எல்லா ஃபெர்மா எண்களும் அதில் தேர்ச்சி பெறும்.

அடியை 3ஆக மாற்றினால் வேடம் கலைந்துவிடும். 3இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, 4294967297ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு சென்றால், முப்பத்தோராவது படியில் கிடைப்பது 10324303. முப்பத்திரண்டாவது படியில் கிடைப்பது 3029026160. பகா எண்ணாக இருந்திருந்தால் முப்பத்திரண்டாவது படியில் 1 வந்திருக்க வேண்டும். 1877இல் பெபின் நிறுவிய சோதனை இதையே இருபுறமும் உறுதியான விதியாக்குகிறது: 5 முதலான ஒரு ஃபெர்மா எண் பகா எண்ணாக இருப்பதற்கு, இறுதிக்கு முந்தைய படியில் −1 வருவது தேவையான நிபந்தனை, அதுவே போதுமான நிபந்தனையும் ஆகும். நம் எண்ணுக்கு அங்கே 4294967296 வந்திருக்க வேண்டும், வந்ததோ 10324303. காரணி எது என்று இந்தச் சோதனை சொல்வதில்லை. காரணி உண்டு என்பதை மட்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது.

மற்ற ஃபெர்மா எண்களுடன் இதற்கு என்ன தொடர்பு?

முந்தைய ஐந்தையும் பெருக்கிப் பார்த்தால் 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295, அதாவது நம் எண்ணைவிட இரண்டு குறைவு. ஆகவே 3, 5, 17, 257, 65537 ஆகிய எதனால் நம் எண்ணை வகுத்தாலும் மீதி 2தான். முந்தைய ஃபெர்மா எண் ஒன்றுடன் பொதுக் காரணி ஏதேனும் இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும். இவை யாவும் ஒற்றைப்படை எண்கள் என்பதால் அது நடவாது. இதே வாதம் எந்த இரு ஃபெர்மா எண்களுக்கும் பொருந்தும். 257ஐ மேலே இருமுறை விலக்கியதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் மற்றவற்றில் இல்லாத ஒரு பகாக் காரணியையாவது கொண்டுவருவதால், பகா எண்களுக்கு முடிவில்லை என்பதும் இதிலிருந்து போகிறபோக்கில் நிரூபணமாகிவிடுகிறது.

இத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை வரைய முடியுமா?

அளவுகோலையும் கவராயத்தையும் மட்டுமே கொண்டு, கொள்கையளவில்கூட முடியாது. 1796இல், பதினெட்டு வயதில், காஸ் பதினேழு பக்க ஒழுங்கு பலகோணத்தை இவ்விரு கருவிகளால் வரையலாம் என்று கண்டறிந்தார். பக்கங்களின் எண்ணிக்கை 2இன் ஓர் அடுக்கும், திரும்ப வராத ஃபெர்மா பகா எண்களும் சேர்ந்த பெருக்கற்பலனாக இருந்தால் வரைய முடியும் என்பது அவருடைய முடிவு. வேறு எந்த எண்ணிக்கைக்கும் முடியாது என்னும் மறுபாதியை 1837இல் வான்செல் நிரூபித்தார். 641 ஃபெர்மா பகா எண் அன்று என்பதால் 4294967297 பக்கங்கள் சாத்தியமில்லை. அதைவிட இரண்டே பக்கங்கள் குறைந்த 4294967295 பக்கப் பலகோணமோ, அறியப்பட்ட ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலன் ஆகையால், கொள்கையளவில் வரையத்தக்கது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்களைக் கொண்டு, வரைய முடியும் என்று இன்று அறியப்பட்டுள்ள பலகோணங்களுள் அதுவே மிகப் பெரியது.

கணினியில் இந்த எண்ணைக் கையாளும்போது கவனிக்க வேண்டியது என்ன?

குறியற்ற 32 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. நம் எண்ணுக்கு 33 பிட்டுகள் தேவை. அதை 32 பிட் மாறியில் திணித்தால் மேல் நுனியில் உள்ள 1 வெட்டுப்பட்டு, வெறும் 1 மட்டும் எஞ்சும். எனவே மேலே சொன்ன வர்க்கப்படுத்தும் கணக்கை நிரலாக எழுதுபவர்கள் 64 பிட் மாறிகளைப் பயன்படுத்த வேண்டும்; குறியற்ற 64 பிட் மாறியே பாதுகாப்பானது, ஏனெனில் இடையில் வரும் வர்க்கங்கள் குறியுள்ள மாறியின் எல்லையைத் தாண்டக்கூடும்.

இதற்கு அடுத்த ஃபெர்மா எண்களின் நிலை என்ன?

65537க்குப் பிறகு இன்னொரு ஃபெர்மா பகா எண் இதுவரை கிடைக்கவில்லை. ஆறாவது எண்ணான 18446744073709551617ஐ 274177 × 67280421310721 என்று பிரித்து 1880இல் லாண்ட்ரி வெளியிட்டார். முப்பத்தொன்பது இலக்கங்கள் கொண்ட ஏழாவது எண் 1970இல் மாரிசன், பிரில்ஹார்ட் ஆகிய இருவரால் கணினியின் துணையுடன் பிரிக்கப்பட்டது. எட்டாவது 1980இல் பிரென்ட், பொலார்டு ஆகியோரால். 155 இலக்கங்கள் கொண்ட ஒன்பதாவது 1990இல் பிரிக்கப்பட்டது. பன்னிரண்டாவது எண்ணுக்குச் சில காரணிகள் தெரிந்திருந்தாலும் முழுப் பிரிப்பு இன்னும் முடியவில்லை. ஐந்து முதல் முப்பத்திரண்டு வரையிலான எல்லா ஃபெர்மா எண்களும் பகு எண்கள் என்பது உறுதியாகிவிட்டது. பகா எண்ணா பகு எண்ணா என்றே தெரியாதவற்றுள் மிகச் சிறியது முப்பத்து மூன்றாவது. பெபினின் சோதனை அதற்கும் பொருந்தும் என்றாலும், வர்க்கப்படுத்த வேண்டிய ஒவ்வொரு மீதியும் இருநூற்றைம்பது கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டதாக இருக்கும். அத்தகைய வர்க்கப்படுத்தல்கள் எண்ணூறு கோடிக்கும் மேல் தேவைப்படும்.